ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம்

கடலூர்ப் பக்கத்து வீடுகளில் பழைய ஆல்பத்தைப் புரட்டினால் வெள்ளிக் கடற்கரையில் எடுத்த படம் ஒன்றாவது கிடைக்கும். அநேகமாக அது மாலையில் எடுத்ததாக இருக்கும். நம்முடையது கிழக்குக் கரை. காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கிறது. கடலைப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால் முகம் கருத்துப் போகும். நாலு மணிக்கு மேல் வெயில் தேவனாம்பட்டினம் ஊர்ப் பக்கமிருந்து வரும். முகத்தில் வெளிச்சம் விழும், முதுகுக்குப் பின்னால் அலை தெரியும். ஃப்ளாஷ் இல்லாத கேமராக்காரருக்கு அதுதான் வேளை. அந்தப் படங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதும் அதனால்தான்.

இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரோல் காசு கொடுத்து வாங்கியது, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. படம் வீணாகிவிடக் கூடாது என்ற கவலையிலிருந்தே வெளிச்சத்தைப் படித்துக்கொண்டார்கள்.

எங்கள் சித்தப்பாவிடம் ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நடுத்தரக் குடும்பத்துக் கேமரா என்றால் பெரும்பாலும் அதுதான். 120 ரோல் போட வேண்டும். ஒரு ரோலுக்குச் சதுரமாகப் பன்னிரண்டு படம். லென்ஸைச் சுற்றி வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி போட்ட சின்ன ஓட்டை. அதில் அடுத்த எண் தெரியும்வரை ஃபிலிமைச் சுற்ற வேண்டும். சுற்றாமல் மறுபடி அமுக்கினால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறிக்கொள்ளும். தெளிவாக விழ வேண்டுமானால் ஆள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும் என்பதால் எடுப்பவரும் நிற்பவரும் சேர்ந்தே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

கறுப்பு வெள்ளை ரோல் நம் உதகமண்டலத்திலேயே தயாரானது. 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் விற்றது. ஒரு ரோலை ஒரே நாளில் தீர்ப்பது என்ற பேச்சே கிடையாது. மார்கழியில் சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கு இரண்டு, தைப்பூசத்துக்கு வடலூரில் ஒன்று, யாருக்காவது காது குத்தினால் மூன்று, மாசி மகத்துக்குக் கடற்கரையில் இரண்டு என்று மாதக்கணக்கில் நீளும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டை அமுக்கி முடித்த பிறகுதான் ரோல் ஸ்டுடியோவுக்குப் போகும். அதனால் ஒரே ரோலில் பனிக்காலத்து ஸ்வெட்டரும் கோடைக்காலத்துப் பனையோலை விசிறியும் அடுத்தடுத்து இருக்கும்.

ஸ்டுடியோவிலும் ஒரு தேர்வு நடக்கும். கழுவிய நெகட்டிவைக் கடைக்காரர் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பார்ப்பார். நான் பக்கத்தில் எக்கி நின்று பார்ப்பேன். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும் அந்தச் சின்னச் சதுரத்தில் அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

"இதுல அக்கா கண்ணு மூடியிருக்கு, விட்டுடுங்க. இதுல கொழந்தை ஆடிடிச்சு. இதையும் இதையும் போடுங்க சார், ஷார்ப்பா வந்திருக்கு."

சித்தப்பா யோசிப்பார். பன்னிரண்டில் ஏழோ எட்டோதான் பிரிண்டாகும். அதிலும் ஒன்றுதான் பெரிதாகிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் ஏறும். அமுக்குவதற்கு முன்னால் ஒரு தேர்வு, பிரிண்ட் போடுவதற்கு முன்னால் ஒரு தேர்வு, ஆணி அடிப்பதற்கு முன்னால் இன்னொரு தேர்வு. மூன்றையும் தாண்டி வந்த படத்தை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். யார் எந்தப் புடவை கட்டியிருந்தார்கள், பின்னால் நிற்பது யார் வீட்டுச் சைக்கிள் என்பதுவரை சொல்வோம். படத்தின் பின்பக்கத்தில் சித்தி பேனாவால் தேதியும் பெயர்களும் எழுதி வைப்பாள். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் இன்று பாதிப் பேரை எங்களுக்கு அடையாளம் தெரியாது.

ஆனால் அந்த ஆல்பத்தில் ஊர் இல்லை. சிதம்பரத்தில் எடுத்த படம் என்று தெரியும். கோபுரம் இரண்டாம் நிலையோடு வெட்டுப்பட்டிருக்கும், அதன் முன்னால் பதினோரு பேர் வரிசையாக நிற்பார்கள். கெடிலம் ஆறு இல்லை, கீழ வீதி இல்லை, மஞ்சக்குப்பம் மைதானம் இல்லை. ஒருமுறை சிதம்பரம் கோயிலின் சிவகங்கைக் குளத்தை மட்டும் எடுக்கச் சொல்லி நான் கெஞ்சியபோது சித்தப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"மனுஷன் இல்லாத படம் எதுக்குடா? கோபுரம் எங்கேயும் போவாது. ஆளுங்கதான் போயிடுவாங்க."

*

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் அண்ணாமலை நகரில் படித்தபோது கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஏ.சி. குளிரில் வரிசையாகக் கனத்த மானிட்டர்கள். விண்டோஸ் 95 திறந்தால் திரை முழுக்க மயில் கழுத்துப் பச்சை. முதல் வாரத்தில் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: அந்தப் பச்சையை மாற்றினோம். கம்ப்யூட்டரோடு வந்த மேகம், காடு, கூரை வேய்ந்த மாதிரியான கட்டங்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். பிறகு ஃப்ளாப்பிகளில் நடிகர்கள், பிள்ளையார், பூங்கொத்து, ஸ்விட்சர்லாந்து மலை என்று வந்தன. வெளியூர் அழகு எல்லாம் எளிதாகக் கிடைத்தது. சொந்த ஊரின் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை.

அப்போது என் கையில் யாஷிகா இருந்தது. 35 மி.மீ. ஃபிலிம், 36 படம், கலர். சித்தப்பா மறுத்த சிவகங்கைக் குளத்தை நானே எடுத்தேன். குளத்தின் தென்கரைப் படியில் நின்று வடக்கே பார்த்தால் வடக்குக் கோபுரம் முழுதாகத் தெரியும், தண்ணீரில் அதன் நிழலும் விழும். நம் ஊர் அட்சரேகையில் புரட்டாசியிலிருந்து பங்குனிவரை நடுப்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் கோபுரத்தின் குளத்துப் பக்கம் வெளிச்சமாக இருக்கும். சித்திரை கடந்துவிட்டால் ஆவணிவரை நடுப்பகல் வெயில் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும், சிற்பமெல்லாம் மங்கும். சிற்சபைப் பக்கம் கேமராவை எடுக்கக் கூடாது. அங்கே பார்த்ததைக் கண்ணோடு வைத்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்க நமக்குக் கிடைப்பது வெளிப் பிராகாரமும் குளமும் வானமும். அதுவே வாழ்நாளைக்குப் போதும்.

பிரிண்டை எடுத்துக்கொண்டு டி.டி.பி. சென்டருக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கு நடுவே காத்திருந்தேன்.

"எதுக்குத் தம்பி ஸ்கேன்? கோயில் நோட்டீஸா?"

"இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல வால்பேப்பரா போடறதுக்கு."

"இதையா? இங்க எதிர்லதான இருக்கு கோபுரம், வெளிய போய்ப் பாக்கறது!" என்று சிரித்தார். ஆனால் ஸ்கேனரின் மூடியை அவர் மெதுவாகத்தான் மூடினார். திரையில் மேலிருந்து கீழாகக் கோபுரம் இறங்கி வந்தபோது அவரும் எழுந்து நின்று பார்த்தார்.

விண்டோஸ் 95-க்கு வால்பேப்பர் என்றால் பி.எம்.பி. கோப்பு வேண்டும், அதில் சுருக்கம் கிடையாது. 800 புள்ளி அகலம், 600 வரி உயரம் என்றால் 4,80,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். மொத்தம் 14,40,000, தலைப்புக் குறிப்புக்கு இன்னும் 54. ஒரு ஃப்ளாப்பியில் போட முடிந்தது 14,57,664 பைட். கணக்கு அவ்வளவு நெருக்கம். ஒரு ஃப்ளாப்பிக்கு ஒரு படம், பக்கத்தில் ஒரு சின்னக் கடிதம் வைக்க இடம். அறை நண்பன் கேட்டால் எந்தப் படத்தைக் கொடுப்பது என்று யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். 36 படத்தில் எது அந்த ஒன்று? பணம் செய்த வேலையை இப்போது இடம் செய்தது.

அந்தத் திரை எனக்குப் படமெடுக்கவும் கற்றுக் கொடுத்தது. முதல் நாள் கோபுரத்தைப் போட்டதும் 'மை கம்ப்யூட்டர்' ஐக்கான் கலசத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. கீழே டாஸ்க்பார் தண்ணீரை மறைத்தது. ஐக்கான்கள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக நிற்கும். அதனால் இடப்பக்கம் வெறும் வானமாக இருக்க வேண்டும், கோபுரம் வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும், கீழே கொஞ்சம் தண்ணீரைச் சும்மா விட வேண்டும். அடுத்த முறை படியில் நாலடி மேற்கே நகர்ந்து நின்று எடுத்தேன். அதுவரை எல்லாவற்றையும் நட்ட நடுவில் வைத்தே எடுத்துக்கொண்டிருந்த கை, வெற்றிடம் விடப் பழகியது. படத்தை மூன்றாகப் பிரித்துக் கருப்பொருளை ஓரக் கோட்டில் வைக்கும் முறையைப் புகைப்படக்கலைப் புத்தகங்களில் நான் பிற்பாடுதான் படித்தேன். ஆனால் கை அதற்கு முன்பே பழகிவிட்டிருந்தது.

*

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதன் பின் சில வருடங்களில் கடலூரில் பேங்க், ஈ.பி. ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, நகைக்கடைக் கல்லா என்று எங்கு போனாலும் ஒரே பச்சை மேடு, ஒரே நீல வானம். அந்தப் படத்தின் கதையைப் பிற்பாடு படித்தபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழில் வேலை பார்த்த சார்லஸ் ஓ'ரியர் 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் தன் தோழியைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தார். அது அவர் அடிக்கடி போகும் சாலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. அங்கே இருந்த திராட்சைத் தோட்டம் பூச்சி விழுந்து அகற்றப்பட்டதால் மேடு முழுக்கப் புல் முளைத்திருந்தது. வண்டியை நிறுத்தி, மாமியா கேமராவில் ஃபிலிமில் எடுத்தார். உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த படங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். அது தினசரி வழியில், தெரிந்த இடத்தில், ஃபிலிம் கேமராவில் எடுத்த படம்.

நமக்கும் தினசரி வழி இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கினால், கார்த்திகை மார்கழியில் சம்பாப் பயிர் அடிவானம்வரை பச்சை. சொனோமா மேட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருந்தால் எடுக்க முடியாது, இறங்க வேண்டும். நாங்கள் இறங்கினோம்.

அதற்குள் இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் கேமராக்கள் வந்துவிட்டன. ஒரு நண்பனின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒன்று கொண்டுவந்தான். நாங்கள் நாலைந்து பேர் முறை வைத்து எடுத்தோம். எங்கள் நோக்கம் வால்பேப்பர்தான். கடலூர்க் கலங்கரை விளக்கம். கெடிலத்துப் பாலத்தில் மாலை வெளிச்சம். பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுப் பாலத்தில் மீட்டர் கேஜ் ரயில். அந்தப் பாதை பிறகு அகலப் பாதையாகி 2010-இல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது, நாங்கள் எடுத்த வண்டி இனி இல்லை.

பிச்சாவரத்துக்கு அடிக்கடி போவோம். சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, நடுவே பின்னிப் பின்னிப் போகும் கால்வாய்கள். 1975-இல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' அங்கே படமானதை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். படகை வலித்தவர் ஒரு நாள் துடுப்பை நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டினார். "இதான் சார் தில்லை. கிட்டப் போவாதீங்க, பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்." தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம், கோயிலின் தல விருட்சம். ஊருக்குள் அதை நான் பார்த்ததில்லை. இங்கே உப்பங்கழியோரம் நின்றிருந்தது. உதிரும் முன் இலைகள் செம்பழுப்பாகச் சிவந்திருந்தன. வலப்பக்கம் அந்தச் சிவப்பு, இடப்பக்கம் வெறும் தண்ணீர். பல மாதம் என் திரையில் அதுதான் இருந்தது. பார்த்தவர்களெல்லாம் எந்த நாடு என்று கேட்டார்கள். கிள்ளைக்குப் பக்கத்தில் என்று சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் படங்களைச் சி.டி.யில் எழுதி நண்பர்களுக்குக் கொடுத்தோம். கல்லூரி அலுவலகத்தில், மருந்துக் கடையில், துபாய் போனவனின் லேப்டாப்பில் எங்கள் வெள்ளாறும் தில்லை மரமும் இருந்தன. கண்காட்சி வைக்க எங்களுக்கு யார் இடம் கொடுக்கப்போகிறார்கள்? டெஸ்க்டாப்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் சுவர்.

அந்தச் சுவரில் ஆட்கள் இல்லை. முகத்தின் மேல் ஐக்கான் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று மனிதர்களை விலக்கியே எடுத்துப் பழகிவிட்டோம். படகுக்காரர் சட்டகத்துக்கு வெளியே. குளப்படியில் துணி உலர்த்திய அம்மா எழுந்து போகும்வரை காத்திருந்து எடுத்தோம். சித்தப்பாவின் ஆல்பத்தில் ஊர் இல்லை, எங்கள் சி.டி.யில் மனிதர்கள் இல்லை.

*

2004 டிசம்பர் 26, ஞாயிறு, மார்கழிப் பௌர்ணமி. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்தில் நாங்கள் அலையை எடுத்த அதே கரை.

அடுத்த வாரங்களில் ஸ்டுடியோக்களில் ஒரே வேலைதான் நடந்தது. கல்யாணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒருவரை, கோயில் திருவிழாவில் ஓரமாகத் திரும்பிப் பார்க்கும் ஒரு குழந்தையைக் காட்டி, இவர்களை மட்டும் பிரித்துப் பெரிதாக்கித் தாருங்கள் என்று கேட்டு வந்தார்கள். வீட்டு ஆல்பம் தண்ணீரோடு போயிருந்தது. உறவுக்காரர் வீட்டில் ஒரு பிரதி இருந்தால்தான் முகம். புள்ளி புள்ளியாக உடைந்துபோன முகத்தைக்கூட வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள். ஆளுங்கதான் போயிடுவாங்க என்று சித்தப்பா சொன்னதன் பொருள் எனக்கு அன்று முழுதாகப் புரிந்தது.

ஏழு வருடம் கழித்து, 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. இந்த முறை இடமும் போனது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன, முந்திரிக் காடுகள் படுத்துவிட்டன. பல ஊர்களில் மின்சாரம் வரப் பல நாளானது. கோபுரம் எங்கேயும் போகவில்லை. ஆனால் தோப்பு போயிற்று.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பலா மரம் வால்பேப்பராக இருந்தது. அடிமரத்தில் காய்கள், நிழலில் கயிற்றுக் கட்டில், கட்டிலில் அவருடைய அப்பா துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். நண்பர் ஐக்கான்களைத் தானாக வரிசைப்படுத்தும் வசதியை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்து வலது மூலையில் குவித்து வைத்திருந்தார். "அப்பா மேல ஃபோல்டர் ஏறக் கூடாதுல்ல சார்," என்பார். நாங்கள் மனிதர்களைச் சட்டகத்திலிருந்து விலக்கினோம். அவர் ஐக்கானை விலக்கினார். இந்த எளிய வழி எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

புயலில் மரம் சாய்ந்தது. கேமராவில் இருந்து இறக்கிய மூலப் படத்தை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே தெரிவதெல்லாம் உண்மையில் சி டிரைவில் இருக்கிறது. ஒரு நாள் வைரஸ் என்று சொல்லி மெக்கானிக் ஃபார்மட் செய்து புதிதாக ஓ.எஸ். போட்டபோது அது அழிந்துவிட்டது. மிஞ்சியது ஆபீஸ் திரைக்காகச் சுருக்கிய பிரதி, 1024-க்கு 768. நல்ல தரத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பிரிண்ட் போட்டால் மூன்றரை அங்குல அகலம்கூட வராது. தரத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய ஏழுக்கு ஐந்து. அவர் அப்படித்தான் போட்டு வாங்கிச் சட்டம் அடித்து ஊருக்குக் கொண்டுபோனார். அப்பா அதைக் கையில் வாங்கி, தன்னைப் பார்க்கவில்லையாம். எந்தக் கிளையில் எத்தனை காய் என்று எண்ணினாராம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் தினமும் பார்க்க என்று அந்த ஒன்றை அவர் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், அந்த மரத்துக்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது.

*

இன்றைக்கு வருவோம். சாதாரணக் கைப்பேசி எடுக்கும் படம் 4000-க்கு 3000 புள்ளி, அதாவது 1 கோடியே 20 லட்சம். என் ஃப்ளாப்பிப் படத்தைப் போல் 25 மடங்கு. கழுவக் காசில்லை, காத்திருப்பு இல்லை. இந்த மாற்றத்தில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. சித்தப்பாவின் ஆல்பத்தில் சித்தப்பா இல்லை. கேமராவை வேறு யாரும் தொட அனுமதி இல்லாததால் சித்தி எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. இன்று சித்தியே எடுக்கிறாள். திருப்பாதிரிப்புலியூர்த் தேரடியில் பூக்கட்டும் பெண்கள் எடுக்கிறார்கள். பிச்சாவரத்துப் படகுக்காரர்கள் எடுக்கும் படத்தில் இருக்கும் வெளிச்சம் ஒரு நாள் வந்து போகும் நமக்குக் கிடைக்காது. எந்தக் கால்வாயில் எத்தனை மணிக்கு ஒளி விழும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கேமரா போக வேண்டிய கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குறைந்திருப்பது தேர்வு. ஃபிலிமில் காசு நம்மைத் தேர்ந்தெடுக்க வைத்தது. ஃப்ளாப்பியில் இடம் வைத்தது. இப்போது வற்புறுத்த எதுவுமில்லை. 2009-இல் வந்த விண்டோஸ் 7-லிருந்து டெஸ்க்டாப் தானே அரை மணிக்கு ஒருமுறை படத்தை மாற்றிக்கொள்ளும்படி வைக்கலாம். விண்டோஸ் 10 வந்த பிறகு பூட்டிய திரையில் எங்கோ ஒரு பனிமலையும் ஏரியும் தானாக வந்து நிற்கின்றன. தொண்ணூறுகளில் ஸ்விட்சர்லாந்து மலையிலிருந்து தப்பித்துச் சிவகங்கைக் குளத்துக்கு வந்தோம். மறுபடி ஸ்விட்சர்லாந்துக்கே போய்விட்டோம். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படம். எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். வாட்ஸ்அப்பில் போகும்போது படம் சுருங்குகிறது. கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் மூன்று வருடம் காணாமல் போகிறது.

அதனால் நானே எனக்கு ஒரு பழைய அளவை வைத்துக்கொண்டேன்: வருடத்துக்குப் பன்னிரண்டு. ஒரு 120 ரோல். எடுப்பதற்குக் கணக்கு இல்லை, வைத்துக்கொள்வதற்கு உண்டு. மாதக் கடைசியில் உட்கார்ந்து, அந்த மாதத்துப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். கோப்பின் பெயரிலேயே வருடம், மாதம், ஊர், ஆட்களின் பெயர் எல்லாம் தமிழில் இருக்கும். சித்தி பின்பக்கத்தில் எழுதியதுதான் அது. சுருக்காத மூலப்படத்துக்கு இரண்டு பிரதி, இரண்டும் வேறு வேறு வீட்டில். ஒன்று எனக்கு, ஒன்று தங்கைக்கு. அடுத்த மாதம் முழுக்க அந்தப் படம்தான் என் டெஸ்க்டாப். தினமும் பார்த்தால்தான் ஒரு படத்தின் தரம் தெரியும். சில படம் நாலாம் நாளே வெறுமையாகிவிடும். சில படத்தில் பத்தாம் நாள்தான் பின்னால் யாரோ எட்டிப் பார்ப்பது கண்ணில் படும். வருடக் கடைசியில் பன்னிரண்டையும் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைக்கிறேன்.

பிரிண்டுக்கும் ஆபத்து உண்டு. 2015 வெள்ளத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனை ஆல்பங்கள் ஊறிப்போயின என்பது நமக்குத் தெரியும். அப்போது பலர் செய்தது, ஒட்டிக்கொண்ட படங்களை வெயிலில் காயவைத்துப் பிறகு உரித்தது. உரித்தால் முகம் பிளாஸ்டிக்கோடு போய்விடும். ஸ்டுடியோவில் கழுவிய படம் என்றால், ஈரம் காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஊறவிட்டு, தானாக விலகும்போது பிரித்து, துடைக்காமல் முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால் ஒரு குடும்பத்தின் பாதி நினைவு தப்பும்.

கோபுரம், குளம், ஆறு, தெரு போன்ற பொது இடத்துப் படம் உங்களிடம் நன்றாக இருந்தால் அதை உங்கள் திரையோடு நிறுத்திவிட வேண்டாம். 2004 முதல் நடக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் முழு அளவில் ஏற்றலாம். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளலாம். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்தது; அங்கே இன்று ஒரு லட்சத்துக்கு மேல் படங்கள் இருக்கின்றன. பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் கண்ணாடித் தகடுகளையும் நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்து காக்கும் வேலையும் அங்கிருந்து நடந்திருக்கிறது. அந்தத் தகடுகளில் இருப்பவர்கள் நம்மைப் போல நாலு மணி வெயிலில் கண்ணைச் சுருக்கியவர்கள்தான். யாரோ அவர்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் வரலாறு ஆனார்கள்.

என் இந்த மாதத்துப் படத்தில் சிவகங்கைக் குளம் இருக்கிறது. படியில் சித்தி உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருக்கிறாள். பின்னால் கோபுரம் வெட்டுப்படாமல் முழுசாக நிற்கிறது. ஐக்கான்களை வலது மூலைக்கு இழுத்து வைத்துவிட்டேன். நீங்களும் உங்கள் கைப்பேசியைத் திறந்து, இந்த வருடத்துப் படங்களில் ஊரும் ஆளும் சேர்ந்திருக்கும் ஒன்றைத் தேடுங்கள். அதற்கு ஒரு பெயர் எழுதுங்கள். இன்னொரு வீட்டில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். எடுப்பது இப்போது எல்லோருக்கும் எளிதாகிவிட்டது. வைத்துக் காப்பதையும் நாம்தான் செய்ய வேண்டும்.